சுடர் வெப்பநிலைக் கணக்கில் சராசரி எடுக்காதீர்கள்

போன வாரம், வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி தன் எக்செல் தாளைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு கேஸைக் கலந்து எரித்தால் சுடர் எவ்வளவு சூடாகும் என்ற கணக்கு. நடுவில் ஒரு கட்டத்தில் 0.9 × 1600 + 0.1 × 2375 என்று இருந்தது. 18 வருடத்துக்கு முன் நான் போட்ட அதே வரி. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கெல்வினையும் செல்சியஸையும் குழப்புவது, சமன்பாட்டைச் சமன் செய்யாமல் விடுவது போன்றவற்றை நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்வீர்கள். விடை நம்பும்படி இருந்துகொண்டே தப்பாகப் போகும் இடங்கள்தான் எனக்குக் கவலை.

சுடர் வெப்பநிலைகளைச் சராசரி எடுப்பது

எனக்குப் பழக்கமான இரும்பாலையையே எடுத்துக்கொள்வோம். ஊதுலையின் உச்சியிலிருந்து வரும் பி.எஃப். கேஸ் நிறையக் கிடைக்கும், ஆனால் சத்துக் குறைவு. 100 பங்கில் கார்பன் மோனாக்சைடு 23, ஹைட்ரஜன் 4 என்று வையுங்கள். மீதி 21 பங்கு கார்பன் டை ஆக்சைடும் 52 பங்கு நைட்ரஜனும் எரியாது. சூடேற்றாத காற்றில், தேவையான அளவுக்கு மட்டும் காற்று கொடுத்து எரித்தால் சுமார் 1600 கெல்வின் வரும். நிலக்கரியைக் கோக்காக மாற்றும் அடுப்பிலிருந்து வரும் கோக் அவன் கேஸ் (சுருக்கமாகக் கோக் கேஸ்) இதற்கு நேர் எதிர்: ஹைட்ரஜன் 58, மீத்தேன் 26, கார்பன் மோனாக்சைடு 7, எரியாதது 9. அது 2375 கெல்வின் வரை போகும்.

ஊதுலைக்குச் சூடான காற்று கொடுக்கும் ஸ்டவ்வில் 1800 கெல்வின் சுடர் வேண்டும். பி.எஃப். கேஸோடு கோக் கேஸ் எவ்வளவு கலக்கலாம்? சராசரிக் கணக்கு 26 சதவீதம் என்று சொல்லும். உண்மையில் 10 சதவீதமே கிட்டத்தட்டப் போதும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு கனமீட்டர் பி.எஃப். கேஸ் எரிய 0.64 கனமீட்டர் காற்று போதும். அதே அளவு கோக் கேஸுக்கு 4 கனமீட்டர் வேண்டும். 90 பங்கு பி.எஃப். கேஸிலிருந்து 136 பங்கு புகைவாயு வருகிறது. 10 பங்கு கோக் கேஸிலிருந்து மட்டும் 47 பங்கு. குழாயில் பத்தில் ஒரு பங்காக வந்தது சுடருக்குள் கால்வாசிக்கு மேல் இடம் பிடித்துவிடுகிறது. கேஸின் சதவீதத்தை வைத்துச் சராசரி எடுத்தால் இது எதுவும் கணக்கில் வராது.

என் கணக்கை நம்பி அன்று 26 சதவீதம் கலந்தார்கள். காற்றைக் கூட்டாமல் விட்டிருந்தால் சுடர் 2000 கெல்வின் பக்கம் போயிருக்கும். ஸ்டவ்வின் மேற்கூரையான டோமின் செங்கல் தாங்காது. ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டோம் சூடு ஏறியதும் ஆபரேட்டர் வழக்கம்போல் காற்றைக் கூட்டிச் சூட்டை இறக்கிவிட்டார். மானிட்டரில் கோடு நேராக இருந்தது. விலை உயர்ந்த கோக் கேஸ், தேவையில்லாத காற்றைச் சூடாக்கிக்கொண்டு மூன்று வாரம் சிம்னி வழியே போனது. அந்தப் பக்கம் ரோலிங் மில்லின் உலைக்குக் கேஸ் அழுத்தம் பத்தாமல் அடிக்கடி நிறுத்தினார்கள். கடைசியில் புகைவாயுவில் ஆக்சிஜன் எகிறியிருப்பதைப் பார்த்த மூத்த பொறியாளர் என்னைக் கூப்பிட்டு, "கலவையை ஒரே கேஸா நினைச்சுப் போடுப்பா" என்றார். இன்றைக்கும் யாராவது சராசரி எடுத்தால் எனக்கு எரிச்சல் வருவது அந்த மூன்று வாரத்தால்தான்.

அவர் சொன்ன வழி இதுதான். 90-க்கு 10 என்ற கலவையில் 100 மோல் எடுங்கள். எரிவதெல்லாம் எரிந்து வெளியிடும் வெப்பத்தைக் கூட்டினால் 10,415 கிலோஜூல். புகைவாயுவில் கார்பன் டை ஆக்சைடு 43.2 மோல், நீராவி 14.6, நைட்ரஜன் 124.9. எரியாமல் வந்ததையும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. இவற்றை 298-லிருந்து 1700 கெல்வினுக்குக் கொண்டுபோக எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று ஜனாஃப் அட்டவணையில் (ஒவ்வொரு வாயுவின் வெப்ப மதிப்புகளும் வெப்பநிலை வாரியாக இருக்கும்) பார்த்துக் கூட்டுங்கள்: ஏறக்குறைய 9,690. 1800-க்கு 10,460. நம்மிடம் இருப்பது இரண்டுக்கும் நடுவில், 1800-ஐ ஒட்டி. விடை 1794. அரை மணி நேர வேலை.

எரியாததை விட்டுவிடுவது

பயோகேஸில் 40 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருந்தும் சுடர் தூய மீத்தேனைவிட 150 டிகிரி போலத்தான் குறைகிறது. ஒரு மோல் மீத்தேனுக்குக் காற்றே 7.52 மோல் நைட்ரஜனைக் கொண்டுவந்துவிடுவதால் கூட வரும் கொஞ்சம் பெரிதாகத் தெரிவதில்லை. இந்த அனுபவத்தை வைத்து பி.எஃப். கேஸிலும் எரியாததைத் தள்ளிவிட்டால் சுடர் 800 டிகிரிக்கு மேல் கூடித் தெரியும்.

ஜிசிவி

வேண்டாம், என்சிவி எடுங்கள். ஜிசிவி என்பது புகையிலுள்ள நீராவி தண்ணீராகக் குளிரும்போது விடும் வெப்பத்தையும் சேர்த்த எரிவெப்பம், என்சிவி அதைச் சேர்க்காதது. சுடரில் தண்ணீர் ஆவியாகத்தான் இருக்கிறது. ஒரு மோல் மீத்தேனுக்கு 890 அல்ல, 802 கிலோஜூல். மாற்றிப் போட்டால் 200 டிகிரி கூடும்.

அறை வெப்பநிலையின் வெப்ப ஏற்புத்திறன்

மீத்தேனை எரிக்கும் கணக்கில், புகைவாயுவின் வெப்ப ஏற்புத்திறனுக்கு 298 கெல்வின் மதிப்பையே கடைசிவரை வைத்துக்கொண்டால் 2780 கெல்வின் வரும். சரியான விடை 2330 பக்கம்.

பிரிகையை மறப்பது

அந்த 2330-கூட முடிவல்ல. அந்தச் சூட்டில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கொஞ்சம் உடைந்து வெப்பத்தை விழுங்கும். அதையும் சேர்த்தால் சுமார் 2225. கையால் போட்டால் மாளாது, வேதிச் சமநிலையைக் கணக்கிடும் நாசாவின் சிஇஏ நிரலிடம் விடுங்கள். 1800 கெல்வினுக்குக் கீழே இதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆய்வக அறிக்கையை அப்படியே எடுப்பது

ஆய்வகத்தில் கேஸை உலர்த்தித்தான் அளக்கிறார்கள். அறிக்கையின் ஓரத்தில் 'உலர்' என்று சின்னதாகப் போட்டிருக்கும், பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை. நான் மேலே சொன்ன 1600-கூட உலர்ந்த கேஸுக்குத்தான். தண்ணீரில் கழுவி 40 டிகிரி செல்சியஸில் வரும் கேஸில் 7 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். அதைச் சேர்த்ததும் 1600 என்பது 1535-க்கு இறங்குகிறது. அப்போது 10 சதவீத கோக் கேஸ் போதாது, கொஞ்சம் கூட்ட வேண்டும். அந்தத் தம்பியின் தாளில் இப்போது ஈரத்துக்கென்று தனி வரி ஒன்று இருக்கிறது.