வகுப்பறையிலேயே மாணவரின் கற்றலை மதிப்பிடுவது எப்படி?

மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். என்னும் பொதுத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்ட பின்னர், தொடக்கப்பள்ளியில் ஆசிரியர் அன்றாடம் செய்யும் வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு கூடியிருக்கிறது. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களின் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைவு. இதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆனால், ஒவ்வொரு பிள்ளையும் சிந்திக்கும் முறையைப் பக்கத்தில் அமர்ந்து கேட்கச் சிறிய வகுப்பைவிட வசதியான இடம் வேறில்லை.

ஒரு பாடவேளைக்கு ஒரு கற்றல் தரத்தை, அதாவது மாணவர் கற்று அடைய வேண்டிய ஒரு திறனை, மட்டும் தேர்ந்தெடுத்து, எதைச் செய்து காட்டினால் மாணவர் அதை அடைந்துவிட்டார் எனக் கொள்ளலாம் என்பதைப் பாடம் தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டும். விடையைத் திருத்துவதோடு நிறுத்தாமல், விடை வந்த வழியையும் கேட்க வேண்டும். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என எழுதிய மாணவியிடம் காரணம் கேட்டால், "ரெண்டுல ஏழு போகாது டீச்சர், அதான் ஏழுல ரெண்டக் கழிச்சேன்" என்பாள். அடுத்து 81-இலிருந்து 36-ஐக் கழிக்கச் சொல்லி, 55 என்று வந்தால் அது கவனக்குறைவன்று. ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கும் கருத்து அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ்கிரீம் குச்சிகளைக் கொடுத்து, ஒரு கட்டினை அவளையே அவிழ்க்கச் சொல்லிவிட்டு, சில நாள் கழித்து உதவியின்றிச் செய்கிறாளா என மீண்டும் பார்க்க வேண்டும். உதவியுடன் செய்ததை உதவியுடன் என்றே குறிப்பது நேர்மை.

வாக்கியங்களாகத் தரப்படும் பிரச்சினைக் கணக்கில் ஒருவர் தடுமாறினால், கேள்வியை நாமே வாசித்துக் காட்ட வேண்டும். உடனே விடை வந்தால், கவனிக்க வேண்டியது வாசிப்பே தவிர கணிதமன்று. வாசிப்பிலும் ஓர் ஏமாற்று உண்டு: அண்ணன் அக்காள் படித்ததைக் கேட்டு மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு, படமில்லாத புதிய பத்தி ஒன்றைக் கொடுத்தால்தான் உண்மை நிலை தெரியும்.

ஒரு பாடவேளையில் மூன்று நான்கு மாணவர்களைப் பற்றி, தேதியுடன் ஒரு வரி குறித்தால் போதும். கோப்பு தடிக்கத் தடிக்க மதிப்பீடு சிறக்கும் என்று எண்ணிப் பயிற்சித்தாள்களைப் படமெடுத்துக் குவிப்பதால் யாருக்கும் பயனில்லை. மாணவரின் தேர்ச்சியைக் குறிக்கும் ஆறு அடைவுநிலைகளுள் ஒன்றைத் தீர்மானிக்கும்போது, ஜனவரியில் இரண்டு, ஜூனில் நான்கு என்பதற்காகச் சராசரி மூன்று எனப் போடக்கூடாது. பலமுறை உறுதியாகச் செய்து காட்டிய அண்மைய நிலையே அவரது நிலை.

பெற்றோர் சந்திப்பில் "என் பிள்ளை எத்தனாவது?" என்ற கேள்வி தவறாமல் வரும். வகுப்பறை மதிப்பீட்டில் தரவரிசை இல்லை என்று பொறுமையாக விளக்கி, அந்தப் பிள்ளைக்கு இப்போது தேவைப்படும் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மேற்கண்ட மாணவியின் பாட்டியிடம், ஒரு ரிங்கிட் தாளைப் பத்துப் பத்துச் சென் நாணயங்களாக மாற்றி, அதிலிருந்து முப்பது சென்னை எடுத்துவிட்டு, மீதி எவ்வளவு என்று பேத்தியிடம் கேட்கச் சொல்லலாம்.