டெபியனில் /பூட் நிரம்பி அப்டேட் பாதியில் நின்றால்: படிப்படியாகச் சரிசெய்வது

லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 13ஆம் பதிப்பு (டிரிக்ஸி) 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானதிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "அப்டேட் போட்டேன், கடைசியில் சிவப்பில் ஏதோ பிழை வந்தது, இப்போது எதை இன்ஸ்டால் செய்தாலும் அதே பிழை வருகிறது." பெரும்பாலும் காரணம் ஒன்றே. கணினி தொடங்கத் தேவையான ஃபைல்கள் இருக்கும் /பூட் பார்ட்டிஷனில் (டிஸ்கில் தனியாகப் பிரித்த பகுதி) இடமில்லை. என் மடிக்கணினியிலும் இதே சிக்கல் வந்து, சரிசெய்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள், நான் தனியாகச் சொல்லும் இடம் தவிர எல்லாமே சிற்றெழுத்து. டெர்மினலைத் திறப்பது, ஃபைலைத் திருத்துவது போன்றவை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

யாருக்கு இது வரும்? பெரும்பாலும், இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் என்கிரிப்ஷன் தேர்ந்தெடுத்தவர்களுக்கு. அப்படிச் செய்தால் இன்ஸ்டாலர் /பூட்டைத் தனிப் பார்ட்டிஷனாகப் பிரித்துவிடும். பழைய இன்ஸ்டாலர்கள் அதற்கு 500 எம்பிக்கும் குறைவாகவே ஒதுக்கின. அப்போது அது போதும். இப்போது கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஃபர்ம்வேரும் (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) பெருத்துவிட்டன. டிரிக்ஸியின் வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்: /பூட் குறைந்தது 768 எம்பி இருக்க வேண்டும், அதில் சுமார் 300 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்று. டெபியன் எந்த நிறுவனத்தின் தயாரிப்பும் அல்ல. 1993இல் இயன் மர்டாக் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள்தான் கட்டி வருகிறார்கள். அந்தத் தன்னார்வலர்கள் நேரம் செலவழித்து எழுதும் ஆவணங்களில் மிகவும் பயனுள்ளது இந்த வெளியீட்டுக் குறிப்புதான். மேம்படுத்துவதற்கு முன் அதன் 'தெரிந்திருக்க வேண்டிய பிரச்சினைகள்' பகுதியை மட்டுமாவது படியுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

படி 1: ரூட்டாக மாறுவது

புதியவர்கள் பலர் இந்த முதல் படியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். டெபியன் இன்ஸ்டாலரில் ரூட்டுக்கு (முழு அதிகாரம் உள்ள நிர்வாகக் கணக்கு) கடவுச்சொல் கொடுத்திருந்தால், உங்கள் பயனர் கணக்கு சூடோ குழுவில் (ரூட் அதிகாரத்தோடு கட்டளை கொடுக்க அனுமதி உள்ளவர்கள்) சேராது. சூடோ அடித்தால் அனுமதி இல்லை என்று வரும். சரி, எஸ்யூ என்று அடித்து ரூட்டாக மாறலாம் என்று போனால், அங்கே 'அப்டேட்-கிரப்' (பூட் மெனுவான கிரப்பைப் புதுப்பிப்பது) என்ற கட்டளையே இல்லை என்று சொல்லும்.

கட்டளை இருக்கிறது. டெபியன் 10இலிருந்து வெறும் எஸ்யூ அடித்தால் உங்கள் பழைய பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) அப்படியே தொடரும். நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் ஃபோல்டர்கள் அதில் கிடையாது. எஸ்யூவுக்குப் பிறகு ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு சேர்க்க வேண்டும்:

எஸ்யூ -

இப்போது முழு ரூட் சூழல் கிடைக்கும். இதே இடத்தில் உங்கள் கணக்கையும் சூடோவில் சேர்த்துவிடுங்கள்:

ஆட்யூசர் உங்கள்பெயர் சூடோ

வெளியேறி மறுபடி லாகின் செய்தால்தான் இது அமலுக்கு வரும். கீழே உள்ள கட்டளைகளை ரூட்டாக இருந்து கொடுப்பதாகவே எழுதுகிறேன். சூடோ வைத்திருப்பவர்கள் முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: எதையும் தொடாமல் பார்ப்பது

டிஎஃப் -ஹெச் /பூட்
யுநேம் -ஆர்
எல்எஸ் -எல்ஹெச் /பூட்
டிபிகேஜி -எல் 'லினக்ஸ்-இமேஜ்*'

முதல் வரி /பூட் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். /பூட்/இஎஃப்ஐ என்பது வேறு பார்ட்டிஷன், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டாவது வரி இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பைச் சொல்லும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கெர்னலை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது.

மூன்றாவது வரியின் பட்டியலில் ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு விஎம்லினஸ் ஃபைலும் ஓர் இனிட்ஆர்டி ஃபைலும் இருக்கும். விஎம்லினஸ் சிறியது. இடத்தை அடைப்பது இனிட்ஆர்டிதான். கணினி தொடங்கும்போது டிஸ்கைத் திறக்கத் தேவையான டிரைவர்களும் ஃபர்ம்வேரும் அதில்தான் இருக்கின்றன. ஏதாவது ஒரு விஎம்லினஸுக்கு ஜோடியாக இனிட்ஆர்டி இல்லையா? அப்படியென்றால் அந்தக் கெர்னலில் பூட் ஆகாது. ரீபூட் செய்தால் ரூட் ஃபைல் சிஸ்டத்தை (இது ரூட் கணக்கல்ல, இயங்குதளம் இருக்கும் முதன்மைப் பகுதி) மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க, முடியவில்லை என்று கெர்னல் பேனிக் வந்து நிற்கும். ஆகவே பிழை வந்த நிலையில் ரீபூட் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அநேகமாக வந்துவிடும்.

நான்காவது பட்டியலில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்துகள் இருக்கும். 'ஐஐ' என்றால் ஒழுங்காக நிறுவப்பட்டது. 'ஆர்சி' என்றால் நீக்கப்பட்டது, அமைப்பு ஃபைல்கள் மட்டும் மிச்சம். 'ஐ'க்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'எஃப்' இருந்தால் அந்த பேக்கேஜ் அமைப்பு வேலையின் பாதியில் நிற்கிறது என்று பொருள். அதுதான் நம் நோயாளி.

படி 3: பிழையை மேலிருந்து படிப்பது

என் நேரத்தை அதிகம் தின்றது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரையில் கடைசியாகத் தெரியும் வரி இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் என்ற பேக்கேஜைக் குற்றம் சொல்லும். அதன் ஸ்கிரிப்ட் பிழை எண் 1 கொடுத்துத் தோற்றது என்று இருக்கும். அதை அப்படியே தேடுபொறியில் போட்டால் அந்த பேக்கேஜை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்லும் யோசனைகள் குவியும். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த பேக்கேஜில் எந்தக் கோளாறும் இல்லை. திரையை மேலே உருட்டிப் பாருங்கள். பத்துப் பதினைந்து வரிகளுக்கு மேலே 'டிவைஸில் இடம் இல்லை' என்று ஒரே ஒரு வரி இருக்கும். அதுதான் உண்மையான காரணம். கீழே இருப்பதெல்லாம் அதன் விளைவு. டெர்மினலை மூடிவிட்டீர்களா? /வார்/லாக்/ஆப்ட் ஃபோல்டரில் டெர்ம்.லாக் என்ற ஃபைலில் எல்லாம் பதிவாகியிருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. டிஎஃப் பார்த்தால் 60, 70 எம்பி காலியாக இருப்பதாகக் காட்டும், ஆனாலும் இடம் இல்லை என்று பிழை வரும். காரணம் இதுதான்: இனிட்ஆர்டியைப் புதுப்பிக்கும்போது பழையதன் மேலேயே எழுதுவதில்லை. பெயரின் கடைசியில் '.நியூ' சேர்த்துப் புதிதாக ஒரு ஃபைலை முழுவதும் எழுதி முடித்த பிறகே பழையதை மாற்றுகிறார்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பழைய ஃபைல் பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம். ஆனால் எழுதி முடிக்கும்வரை பழையதும் புதியதும் சேர்ந்து இருக்க இடம் வேண்டும். வெளியீட்டுக் குறிப்பு 300 எம்பி கேட்பதன் நியாயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மின்வெட்டில் நின்றுபோன கணினியில் அந்த '.நியூ' ஃபைல் அப்படியே கிடக்கலாம். வேறு அப்டேட் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை மட்டும் ஆர்எம் கொண்டு அழிக்கலாம்.

படி 4: இடம் உண்டாக்குவது

/பூட்டுக்குள் போய் விஎம்லினஸ் ஃபைல்களை ஆர்எம் செய்யச் சொல்பவர்கள் உண்டு. நான் அதற்கு முற்றிலும் எதிரி. ஃபைல் போய்விடும், ஆனால் பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் அடிப்படைக் கருவியான டிபிகேஜியின் கணக்கில் அந்தக் கெர்னல் நிறுவப்பட்டதாகவே இருக்கும். கணக்கும் நிஜமும் பிரிந்துவிட்டால் அடுத்த பிழையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. கெர்னலை நிறுவியது யாரோ, அவர் மூலமாகவே நீக்குவோம்.

டிபிகேஜியை வைத்து வேலை செய்யும் ஆப்ட் இந்த நிலையில் 'முதலில் உடைந்ததைச் சரிசெய்' என்று சொல்லி மறுக்கலாம். அதனால் நேராக டிபிகேஜிக்கே போகலாம்:

டிபிகேஜி --பர்ஜ் லினக்ஸ்-இமேஜ்-பழையபதிப்பு

'பழையபதிப்பு' இருக்கும் இடத்தில், படி 2இல் 'ஐஐ' என்று வந்த பட்டியலிலிருந்து மிகப் பழைய கெர்னலின் பெயரில் 'லினக்ஸ்-இமேஜ்-'க்குப் பிறகு வருவதை முழுவதும் போடுங்கள். அடிக்கும் முன் தாளில் எழுதிய பதிப்போடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பதிப்பு எண் இல்லாமல் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 என்று மட்டும் இருப்பது வேறு. புதிய கெர்னல்களை இழுத்துவருவது அதுதான், அதை நீக்கக் கூடாது.

அரிதாக, டிபிகேஜியும் முரண்டு பிடித்தால் பழைய கெர்னலின் இனிட்ஆர்டியை மட்டும் முதலில் எடுத்துவிடலாம்:

அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -டி -கே பழையபதிப்பு

இது செய்தால் அந்தக் கெர்னல் இனி பூட் ஆகாது. அதனால் நிலைமை சீரானதும் அந்தக் கெர்னல் பேக்கேஜையும் மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

படி 5: நின்றதைத் தொடர்வது

டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்
ஆப்ட் அப்டேட்
ஆப்ட் அப்கிரேட்

முதல் கட்டளை பாதியில் நிற்கும் எல்லா பேக்கேஜ்களையும் முடித்துவைக்கும். இரண்டாவது, விடுபட்ட சார்புகளை (ஒரு பேக்கேஜ் இயங்கத் தேவையான மற்ற பேக்கேஜ்களை) நிரப்பும். அது எதையாவது நீக்கப்போவதாகப் பட்டியல் காட்டினால், ஒய் அடிக்கும் முன் அந்தப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள்.

லாக் (ஒரு நேரத்தில் ஒரு அப்டேட் மட்டும் ஓட வைக்கும் பூட்டு; பதிவேடான லாக் அல்ல) கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது என்று பொருள். ஐந்து, பத்து நிமிடம் காத்திருங்கள். லாக் ஃபைலை அழிக்காதீர்கள். இரண்டு அப்டேட் ஒரே நேரத்தில் ஓடினால் டிபிகேஜியின் கணக்கே கெட்டுவிடும்.

பிறகு மறுபடியும் எல்எஸ் -எல்ஹெச் /பூட். எல்லா விஎம்லினஸுக்கும் ஜோடி இருக்கிறதா? '.நியூ' எதுவும் இல்லையே? அப்படியானால் அப்டேட்-கிரப் ஒருமுறை கொடுத்துவிட்டு ரீபூட் செய்யலாம்.

படி 6: மறுபடி வராமல் பார்ப்பது

ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்

மாதம் ஒருமுறை இதைச் செய்தாலே போதும். ஓடும் கெர்னலையும் புதிய கெர்னலையும் விட்டுவைத்து மற்றதை நீக்கும். சிலருக்கு இது எதையுமே நீக்காது. எப்போதோ ஒரு கெர்னலைப் பதிப்பு எண்ணோடு பெயர் சொல்லி நிறுவியிருப்பார்கள், அதனால் 'பயனர் விரும்பிப் போட்டது' என்ற குறி அதன்மேல் இருக்கும். ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் பட்டியலில் அது தெரியும். ஆப்ட்-மார்க் ஆட்டோ என்று கொடுத்து, பக்கத்தில் அந்தக் கெர்னலின் பெயரைப் போட்டுக் குறியை மாற்றிவிடுங்கள்.

இடம் அப்போதும் போதவில்லை என்றால் /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் ஃபோல்டரில் இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் ஃபைலைத் திறந்து, மாட்யூல்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும் வரியில் 'மோஸ்ட்' என்பதை 'டெப்' என்று மாற்றுங்கள். அப்புறம்:

அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்

இப்போது உங்கள் கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும், ஃபைல் கண்ணுக்குத் தெரியும் அளவு சுருங்கும். ஒரு நிபந்தனை உண்டு: இந்த டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம். மடிக்கணினிக்கு இது சரி. அடிக்கடி வன்பொருள் மாற்றும் மேசைக்கணினிக்கு வேண்டாம்.

கருவிகளில் என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்டேட்டை எப்போதும் டெர்மினலில் ஆப்ட் கொண்டே செய்கிறேன். வரைகலை மென்பொருள் கடைகள் பிழையைச் சுருக்கி, மேலே சொன்ன அந்த ஒற்றை வரியை மறைத்துவிடுகின்றன. பெரிய மேம்படுத்தல் என்றால் டீமக்ஸுக்குள் ஓட்டுவேன். டெஸ்க்டாப் நடுவில் விழுந்தாலும் வேலை தொடரும். கூடவே ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் நிறுவுங்கள். நீங்கள் நிறுவப்போகும் பதிப்பில் தீவிரமான பிழை ஏதும் பதிவாகியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடும். டெபியனின் சமூக ஒப்பந்தத்தில் 'பிரச்சினைகளை மறைக்க மாட்டோம்' என்றே ஒரு வாக்குறுதி இருக்கிறது. பிழைப் பட்டியல் முழுவதும் பொதுவில் இருப்பதால்தான் இப்படி ஒரு கருவி சாத்தியமாகிறது.

பின்சேர்க்கை 1: பழைய கெர்னலும் பூட் ஆகவில்லை, கிரப்போடு நிற்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். டெபியன் இன்ஸ்டாலர் பென்டிரைவில் பூட் செய்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ரெஸ்க்யூ மோட்' தேர்ந்தெடுங்கள். என்கிரிப்ஷன் கடவுச்சொல்லைக் கேட்கும், பிறகு எந்தப் பார்ட்டிஷன் ரூட் என்று கேட்கும். உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு ஷெல் கிடைக்கும். /பூட் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மவுண்ட் /பூட் கொடுத்துவிட்டுத்தான் படி 4க்குப் போக வேண்டும். மவுண்ட் செய்யாமல் தொடர்ந்தால் புதிய இனிட்ஆர்டி ரூட் பார்ட்டிஷனில் எழுதப்படும், கிரப் அதைப் பார்க்கவே பார்க்காது. பென்டிரைவில் இப்படிப் பூட் செய்திருக்கும்போது யுநேம் காட்டுவது இன்ஸ்டாலரின் கெர்னல் என்பதையும் மறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 2: /பூட்டையே பெரிதாக்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது என்கிரிப்ட் செய்த பார்ட்டிஷன். அதைச் சுருக்கி நகர்த்துவதைத் தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்கில் நகலெடுத்து, அதிலிருந்து சில ஃபைல்களைத் திறந்து சரிபார்த்துவிட்டு, டிரிக்ஸியைப் புதிதாக நிறுவுங்கள். பார்ட்டிஷன் பிரிக்கும் திரையில் /பூட்டுக்கு 1 ஜிபிக்குக் குறையாமல் கொடுங்கள். என்விடியா கார்டு இருப்பவர்கள் 2 ஜிபி கொடுத்துவிடுவது நல்லது, அந்த ஃபர்ம்வேர் இனிட்ஆர்டியை நிறையவே ஊதவைக்கிறது.