பழைய பெட்டியில் வந்த எலும்புகள்: பெர்மியன் கால இருவாழ்விகளை இனம் காண்பது எப்படி?

வட டெக்சஸில் ஆர்ச்சர், பேய்லர் கவுண்டிகளைச் சுற்றியுள்ள செந்நிறப் பாறைகளில் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, பெர்மியன் காலத்து எலும்புகள் கிடைக்கின்றன. டைனோசர்களுக்கு வெகு காலம் முந்தியவை. எரியாப்ஸ் என்ற பெரிய இருவாழ்விக்கு அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் எட்வர்ட் கோப் 1877-இல் பெயர் வைத்தார். அந்தக் காலம் தொட்டு இந்த எலும்புகளை மக்கள் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். அப்படி ஒருவர் சேர்த்த பெட்டி உங்கள் கைக்கு வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று பார்ப்போம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன டார்ச், மென்மையான பிரஷ், ஒரு ஸ்கேல் இவ்வளவு போதும்.

படி 1: சீட்டைத் தொடாதீர்கள்

எலும்போடு இருக்கும் துண்டுச் சீட்டை அதனோடேயே வைத்துப் போட்டோ எடுங்கள். என் முதல் பெட்டியில் சுத்தம் செய்கிறேன் என்று சீட்டுகளையெல்லாம் எடுத்துத் தனியே அடுக்கினேன். எது எந்த எலும்பின் சீட்டு என்று இன்றுவரை தெரியவில்லை. பதினொரு எலும்புகள் ஊர் பெயர் இல்லாமல் போய்விட்டன. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

படி 2: உலர்ந்த பிரஷ் மட்டும்

வினிகர் போன்ற அமிலம் எதுவும் கூடாது, எலும்பையே அரித்துவிடும். இரும்புச்சத்துள்ள சிவப்புப் படலம் விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 3: இருவாழ்வி அல்லாதவற்றை ஒதுக்குங்கள்

இரண்டு கொம்பு நீட்டிய பல் ஒர்தகாந்தஸ் என்ற நன்னீர்ச் சுறாவினுடையது. விசிறி போல் வரி வரியாக இருந்தால் நுரையீரல் மீனின் பல்தட்டு. நீண்ட குச்சி போன்ற துண்டின் உடைந்த முனை 8 வடிவில் தெரிந்தால், அது பெரும்பாலும் முதுகில் பாய்மரம் போன்ற அமைப்பு கொண்ட டைமெட்ரோடானின் பாயைத் தாங்கிய முள். பக்கவாட்டில் தட்டையாகி விளிம்பு கூர்ந்த பல்லும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும்.

படி 4: பிறையைத் தேடுங்கள்

பல்லைப் பார்த்துப் பெயர் சொல்லத்தான் எல்லாருக்கும் ஆசை. என்னைக் கேட்டால் முதுகெலும்பிலிருந்து தொடங்குவேன். எரியாப்ஸ், டிரிமெரோராக்கிஸ் போன்ற இருவாழ்விகளில் ஒவ்வொரு முள்ளெலும்பும் ஒரே துண்டாக இருக்காது. கீழே ஒரு பிறை, அதையொட்டி இரண்டு சிறு துண்டுகள், மேலே ஒரு வளைவு. உடல் அழுகியதும் எல்லாம் பிரிந்துவிடும். அதனால்தான் இந்தப் பெட்டிகளில் பிறைகள் அவ்வளவு கிடக்கும்.

ஒரு பிறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாதியாக உடைந்த தடித்த வளையல் போல இருக்கும். வெளிவளைவு ஓரளவு வழவழப்பு. உள்வளைவில் விரலை ஓட்டினால் சொரசொரப்பு தட்டும். உயிரோடு இருந்தபோது முதுகுநாண் என்ற நெகிழ்வான தண்டு ஓடிய இடம் அது. தடித்து, கனமாக இருந்தால் எரியாப்ஸை நினையுங்கள், சுமார் 2 மீட்டர் வளர்ந்த விலங்கு. சிறியதாக, மெல்லியதாக இருந்தால் டிரிமெரோராக்கிஸ். ஆனால் எரியாப்ஸ் குட்டியின் பிறையும் சிறியதுதான், ஆகவே அளவை மட்டும் நம்ப வேண்டாம்.

இதற்கு மாறாக, நடுவில் இடுப்பு ஒடுங்கிய உடுக்கை போல, மேல்வளைவும் சேர்ந்தே ஒரே துண்டாக இருந்தால் டிப்ளோகாலஸ் என்ற இருவாழ்வியாக இருக்கலாம். பூமராங் போன்ற தலை கொண்டது அதுதான். டைமெட்ரோடானின் முள்ளெலும்பும் இடுப்பு ஒடுங்கியதே. அதன் அடியில் பெரும்பாலும் கூரான ஒரு வரம்பு ஓடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள்

தட்டையான துண்டின்மேல் சாய்வாக வெளிச்சம் விழுந்தால் குழிகளும் மேடுகளும் எழுந்து நிற்கும். இருவாழ்வியின் மண்டையோட்டுக்கு இது நல்ல அடையாளம். எரியாப்ஸில் குழிகள் முரட்டுத்தனமாக இருக்கும். டிரிமெரோராக்கிஸில் தேன்கூடு போல நெருக்கமாக இருக்கும், ஊடே நீரின் அசைவை உணரும் உறுப்புக்கான பள்ளங்களும் தெரியலாம். ஒரு எச்சரிக்கை: தோள்பட்டைத் தகடுகளிலும் இதே குழிகள் உண்டு. குழி தெரிந்தவுடன் மண்டையோடு என்று எழுதிவிடாதீர்கள்.

படி 6: உடைந்த பல்லின் அடி

லென்ஸில் பாருங்கள். இந்த இருவாழ்விகளின் பல்லானால், அதன் சுவர் உள்நோக்கி மடிந்து மடிந்து, புதிர்ப்பாதை வரைந்தது போல இருக்கும். முதல் தடவை பார்த்தபோது லென்ஸைக் கீழே வைக்க எனக்கு மனமே வரவில்லை. உடையாத பல்லில் அடிப்பகுதியின் நெடுக்கு வரிகள் மட்டும் தெரியும். மடிப்பைப் பார்ப்பதற்காகப் பல்லை உடைக்க வேண்டாம்.

படி 7: தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள்

தனி எலும்பை வைத்துப் பேரினம் வரை போனாலே நல்ல வேலை. சந்தேகம் இருந்தால், ஸ்கேலோடு நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அருங்காட்சியகத்தில் கேளுங்கள். இந்தப் பகுதி எலும்புகளுக்கு சீமோர் நகரத்து வைட்சைட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பொருத்தமான இடம். அப்புறம் இன்னொன்று: அமெரிக்கக் கூட்டரசு நிலத்தில் அனுமதியின்றி முதுகெலும்பிகளின் புதைபடிவம் எடுப்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனவே எந்த நிலத்தில், யார் அனுமதியோடு எடுத்தது என்பதையும் கேட்டுக் குறித்துவையுங்கள்.

சரி, புதுச் சீட்டு எழுதலாம். நான் எழுதுவது இப்படி: “பிறை எலும்பு, எரியாப்ஸாக இருக்கலாம், பேய்லர் கவுண்டி, பழைய சீட்டு உள்ளே.” பென்சிலில் எழுதுங்கள். பழைய சீட்டையும் அதே டப்பாவில் போட்டு மூடுங்கள்.