அண்டார்க்டிகா முடிப்புல்: மரபணுப் பன்மயத்தை ஆராய மாதிரி எடுக்கும் முறை

அண்டார்க்டிகாவில் இயல்பாக வளரும் பூக்கும் தாவரங்கள் இரண்டே. அவற்றில் ஒன்று டெஸ்சாம்ப்சியா அண்டார்க்டிகா என்ற முடிப்புல். பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையில் விதை கட்டும். தூர் வெடித்தும் பரவும். எனவே பல இடங்களில் ஒரே மரபணு அமைப்பு கிடைப்பது சகஜம். அதற்குக் காரணம் தூர் வெடித்ததா, தன்மகரந்தமா, அண்மையில் வந்து குடியேறியதா என்பதைப் பிரித்தறிய முடியுமா என்பது இலையைக் கிள்ளும்போதே முடிவாகிவிடும்.

அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்கும் 1991 மாட்ரிட் நெறிமுறை தாவரங்களுக்கும் பொருந்தும். அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள்.

ஓர் இடத்தில் 20 தூர்கள் போதும். தூருக்குத் தூர் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விடுங்கள். இரண்டு மூன்று தூர்களில் மட்டும் வேண்டுமென்றே 10 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு மாதிரி எடுங்கள்: தூர் எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்பதை இந்த ஜோடிகள் காட்டும். அடியில் பழுப்பாகத் தங்கியிருக்கும் பழைய உறைகளை விட்டு, நடுவிலுள்ள பச்சை இலையை எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். பூஞ்சை ஒட்டியிருந்தால், ஐடிஎஸ் என்ற, இனங்களை அடையாளம் காண உதவும் டிஎன்ஏ பகுதியைப் பெருக்கும்போது புல்லுக்குப் பதில் பூஞ்சையின் வரிசையே வந்து நிற்கும். இலை எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல் போட்டு ஒரு நாளுக்குள் உலர்த்துங்கள். மெதுவாக உலர்ந்தால் டிஎன்ஏ சிதையும்.

ஆய்வகத்தில், 20 மில்லிகிராம் உலர் இலையை நன்கு பொடித்து, 700 மைக்ரோலிட்டர் 2% சிடாப் (செல்களை உடைத்து டிஎன்ஏவை வெளிக்கொணரும் சோப்பு போன்ற பொருள்) கரைசலில் 65 டிகிரியில் 45 நிமிடம் வையுங்கள். கரைசலில் 2% பிவிபி (ஃபீனால் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும் பாலிமர்) சேருங்கள். இல்லையேல் இலையிலுள்ள ஃபீனால் பொருட்கள் டிஎன்ஏவோடு ஒட்டிப் பழுப்பாகும், பிசிஆர் (டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் முறை) நடக்காது. பிறகு சம அளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் (24:1) சேர்த்துச் சுழற்றி, மேல் நீரை மட்டும் எடுங்கள். இடைப்படலத்தைத் தொட்டுவிட்டால் மறுபடி சுழற்றுங்கள்.

மைக்ரோசாட்டலைட் (திரும்பத் திரும்ப வரும் குறுகிய டிஎன்ஏ வரிசை) முடிவில் கலப்புமரபே, அதாவது ஒரே குறியிடத்தில் இரு வேறு வடிவங்களே, காணாவிட்டால் பதற வேண்டாம். எல்லாக் குறியிடங்களிலும் அப்படியிருந்தால் தன்மகரந்தம் காரணமாக இருக்கலாம். ஒரே குறியிடத்தில் மட்டும் அப்படியிருந்து, பல மாதிரிகள் காலியாகவும் வந்தால், ப்ரைமர் (படியெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டாத அல்லீல் (மரபணு வடிவம்) என்று சந்தேகியுங்கள். ஒரே மரபுவகையை எல்லாம் குளோன் (ஒரே செடி தூர் வெடித்து வந்த நகல்) என்று கழித்துவிடாதீர்கள். தன்மகரந்தச் செடிகளின் பிள்ளைகளும் அப்படியே இருக்கும். கழித்தும் கழிக்காமலும் பன்மயத்தை இரு முறை கணக்கிடுங்கள்.

பரிணாம வரலாற்றுக்குப் பசுங்கணிகத்தின் டிஆர்என்எல்–எஃப் பகுதி உதவும், ஆனால் மெதுவாக மாறுவது. அண்டார்க்டிகா மாதிரிகளை மட்டும் வைத்தால் எல்லாம் ஒன்றாகவே தெரியும். படகோனியா, ஃபாக்லாந்து, தெற்கு ஜார்ஜியா மாதிரிகளையும், வெளிக்குழுவாக (ஒப்பிட உதவும் உறவினமாக) டெஸ்சாம்ப்சியா செஸ்பிடோசாவையும் சேருங்கள். பனியுகத்துக்குப் பின் வந்ததா, பனியிலேயே எங்கோ தங்கிப் பிழைத்ததா என்ற கேள்வியை அப்போதுதான் எழுப்ப முடியும்.