பழைய ரைலைக் கிளப்ப முதல் பசையையும் சோதியுங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டிய பங்களா வாங்குகிற எங்கடை ஆக்கள் முதலில் கை வைப்பது பேஸ்மென்றில்தான். வாடகைக்கு விட்டால் மோர்ட்கேஜுக்கு உதவும் என்ற கணக்கு. மேலே கிடக்கும் லாமினேற்றைத் தூக்கினால் அடியில் 9 அங்குலச் சதுர ரைல். அதில் அஸ்பெஸ்ரஸ், அதாவது மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் கனிம நார், இருக்கலாம் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் விட்ட அதே பிழைகளைப் பெடியள் இன்றைக்கும் விடுகிறார்கள்.

பார்வையிலேயே தீர்ப்புச் சொல்வது

9 அங்குலம் என்றால் சந்தேகம் கூட. அதற்காக 12 அங்குல ரைல் எல்லாம் சுத்தம் என்றில்லை. எண்பதுகள் வரை போட்ட எதையும் நம்பாதீர்கள்.

ரைலை மட்டும் சோதிப்பது

இதுதான் இன்னும் எனக்கு எரிச்சல் தருவது. போன மாரியில் ஒரு தம்பி போன் எடுத்தார். "அண்ணை, றிப்போர்ட் வந்திட்டுது, ஒண்டுமில்லையாம். ரைல் எல்லாம் கழட்டிட்டன். அந்தக் கறுப்புப் பசைதான் போகுதில்லை. ஒருக்கா வந்து பாப்பியளோ?"

நான் போக முதலே கிரைண்டர் வாடகைக்கு எடுத்துப் பாதித் தரையை அரைத்துவிட்டார். வோட்டர் ஹீற்றர், ட்ரையர், படிக்கட்டு எல்லாவற்றிலும் மை பூசியதுபோலத் தூள். பக்கத்தில் வீடு முழுக்கச் சூட்டுக் காற்று அனுப்பும் ஃபேர்னஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. லாபுக்கு என்ன அனுப்பினீர் என்று கேட்டேன். "ரைல் துண்டுதான் அண்ணை. கீழ பசை ஒட்டியிருந்தது, ஊத்தையா இருக்கெண்டு சுரண்டிப்போட்டு அனுப்பினன்."

அந்தத் தார்ப் பசையிலும் அந்தக் காலத்தில் அஸ்பெஸ்ரஸ் கலந்தார்கள். ரைலில் அகப்படாமல் பசையில் மட்டும் அகப்படுவது நடக்கிற விஷயம். இறுகிக் கிடக்கும்வரை நார் எங்கும் போகாது. அரைத்தால் காற்றில் ஏறும். ஃபேர்னஸ் அதை இழுத்து மேல்வீட்டு அறை ஒவ்வொன்றுக்கும் பகிர்ந்துவிடும். பிறகு பசையைச் சோதித்தபோது அதில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. குடும்பம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக, காற்றுக் குழாயான டக்ற் முதல் சோபா வரை துப்பரவாக்க, பேஸ்மென்ற் கட்ட வைத்திருந்த காசு அதிலேயே முடிந்தது.

ஒன்ராறியோவின் 278/05 ஒழுங்குவிதியில் எடையில் 0.5 சதவீதம் இருந்தாலே அது அஸ்பெஸ்ரஸ் பொருள். தொழிலாளி அதை நனைத்துக் கைக்கருவியால் எடுத்தால் ஆக இலகுவான வகையான 'ரைப் 1' வேலை. நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா உறிஞ்சி பூட்டாத மின்கருவியால் அரைத்தால் ஆகக் கடுமையான 'ரைப் 3'. இந்த வித்தியாசம் தெரியாமல் கொட்டேஷன் கொடுக்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மாதிரி எடுப்பது பெரிய வித்தையல்ல. ஃபேர்னஸை நிறுத்துங்கள். குளோசெற்றுக்குள் ஒரு மூலையில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, கொங்கிரீற் தெரியும்வரை எல்லா அடுக்கும் பசையுமாக ஒரு துண்டு எடுங்கள். துடைக்காமல், சுரண்டாமல் ஸிப் வைத்த பிளாஸ்ரிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போடுங்கள். எடுத்த இடத்தை ஒட்டும் ரேப்பால் மூடுங்கள். வேறு நிற ரைல் இருந்தால் அதற்குத் தனி மாதிரி எடுங்கள். லாப் படிவத்தில் "அடுக்கு அடுக்காகப் பார்க்கவும்" என்று எழுதுங்கள். வினைல் ரைலில் நார் மிக நுண்ணியது, சாதாரண நுண்ணோக்கிக்குத் தப்பிவிடும். இல்லை என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் எலெக்ட்ரோன் நுண்ணோக்கிச் சோதனை கேளுங்கள்.

குசினித் தரையை மறப்பது

பாய்போல விரித்த பழைய வினைலின் அடியில் சாம்பல் நிறக் காகிதம் இருந்தால் ரைலைவிட அதற்குப் பயப்படுங்கள். கையால் கிழித்தாலே நார் பறக்கும்.

ஷொப் வக்யூம்

இந்தத் தூளை அதால் உறிஞ்ச வேண்டாம்.

என்95 மாஸ்க்

காணாது. பி100 வடிகட்டி பூட்டிய அரைமுக மாஸ்க், அதுவும் தாடி வழித்த முகத்தில்.

கிளப்பித்தான் ஆகவேண்டும் என்று நினைப்பது

உடையாத ரைலை அப்படியே விட்டு மேலே புதுத் தரை போடலாம். கூரை உயரம் கொஞ்சம் குறையும், அனுமதி எடுக்கும்போது அதைக் கணக்குப் பாருங்கள். மூடினால் லாப் றிப்போர்ட்டை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். நாளைக்கு அந்தத் தரையை உடைக்க வருகிறவனுக்கு அது வேண்டும்.