சாமி கும்பிடாதவருக்கு இரங்கல் கூட்டம்: நீலகிரியில் நடத்துபவர்களுக்கு

இறந்த பிறகு முதல் 6 மணி நேரத்தைக் கண் தானத்துக்கு ஒதுக்குங்கள். இறந்தவர் எழுதி வைக்காவிட்டாலும் நெருங்கிய உறவினர் ஒப்புக்கொண்டால் கண் தானம் நடக்கும். எழுதி வைத்திருந்தும் வீட்டார் மறுத்தால் நடக்காது. கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்துகொண்டவர் என்பதெல்லாம் தடையில்லை. இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்வார்கள். மலையில் பல வீடுகளில் அது கிடையாது, ஒரு வேலை மிச்சம். இங்கே காலை வாருவது பாதைதான். மழைக்காலத்தில் மண்சரிவு, சாயங்காலத்தில் மூடுபனி. உள்ளடங்கிய எஸ்டேட் லைனுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கண் வங்கிக் குழு வந்துசேர நேரமாகும். டாக்டர் மரணத்தை உறுதி செய்ததும் முதல் போன் கண் வங்கிக்கு, அப்புறம்தான் சொந்தபந்தத்துக்கு.

உடல் தானம் என்றால், ஊட்டியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே உடற்கூறியல் துறையில் விதிமுறைகளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பிரேதப் பரிசோதனை நடந்த உடலைப் பொதுவாக எடுக்கமாட்டார்கள். அதனால் அடக்கத்துக்கோ தகனத்துக்கோ மாற்று ஏற்பாடு இருக்கட்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

படத்திறப்பை ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு வையுங்கள். இலை பறிப்பவர்களுக்கு அன்றுதான் ஓய்வு. மதியத்துக்கு மேல் பனி இறங்கினால் கடைசி பஸ்ஸை நினைத்து ஒவ்வொருவராக எழுந்துவிடுவார்கள். தகர ஷீட் கூரை மண்டபம் என்றால் ஸ்பீக்கரை மேடையில் வைக்காமல் நடுக்கூடத்தில் வையுங்கள். மழை அடித்தால் பின்வரிசைக்கு ஒரு சொல்லும் எட்டாது. ரேஷன் அட்டைப் படத்தைப் பெரிதாக்காதீர்கள், முகம் புகையாகிவிடும். யாராவது போனில் எடுத்த படம் மேல்.

அதிக உழைப்பு கேட்பது வாழ்க்கைக் குறிப்பு. கையெழுத்தில் இரண்டு பக்கம், நிறுத்தி வாசித்தால் 7 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். "உதவும் குணம் கொண்டவர்" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். "லைன் வீட்டுப் பெரியம்மாக்களுக்கு பி.எஃப். படிவம் நிரப்பிக் கொடுப்பார், கைநாட்டு வைத்ததும் விரல் மையைத் துடைக்கப் பழைய துணி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார்" என்று எழுதினால் அது ஒருவருக்குத்தான். இப்படி மூன்று செய்திகள் கிடைக்கும்வரை விசாரியுங்கள். வீட்டாரிடம் மட்டும் கேட்டால் கிடைக்காது. டீக்கடைக்காரர், கூட வேலை பார்த்தவர், சண்டை போட்டவர் ஆகியோரிடமும் கேளுங்கள். தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து வந்தவர் என்றால், எந்த ஆண்டு கப்பலேறினார், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் எத்தனை நாள் இருந்தார், அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் முதலில் எந்த டிவிஷனில் பேர் பதிந்தார் என்பதெல்லாம் வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கே தெரிந்திருக்காது.

கூட்டம் கெடுவது பெரும்பாலும் பேச்சாளரால். ஒருவர் பழக்கதோஷத்தில் "அவர் ஆன்மா சாந்தியடையட்டும்" என்பார். அடுத்தவர் அதற்குப் பதிலடியாகக் கடவுள் மறுப்புப் பொதுக்கூட்டமே நடத்திவிடுவார். இரண்டாமவர்தான் அதிகம் கெடுக்கிறார் என்பது எங்கள் கணிப்பு. ஆளுக்கு 4 நிமிடம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறிஞ்சிப்பூ உவமையையும் தடை செய்யலாம், மலையில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மௌன அஞ்சலி ஒரு நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து 60 நொடி; கணக்குப் பார்க்காவிட்டால் இருபதிலேயே "நன்றி, அமரலாம்" வந்துவிடும்.

எல்லாம் முடிந்து கலையும்போது ஒரு பெரியம்மா கேட்பார்: "ஏப்பா, சாமியே இல்லேன்னா இந்த உசுருக்கு என்னதான் மதிப்பு?" மைக்கில் பதில் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அவரு உங்களுக்கு என்ன செஞ்சாரு, பெரியம்மா?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, "நீங்க இப்ப சொன்னீங்களே, அதுதான்" என்றால் போதும். பசித்தவருக்குப் பசி உண்மை. சோறு போட்டவர் செய்தது பெறுமானம் உள்ள காரியம். மேலே ஒருவர் பார்த்துக் குறித்துக்கொண்டால்தான் அது பெறுமானம் ஆகும் என்று நாம் நினைக்கவில்லை.

கல்லூரிப் பையன்கள் வாதத்துக்கு வந்தால் வேறு கேள்வி இருக்கிறது. கடவுள் விலக்கியதால் கொலை தப்பா, தப்பு என்பதால் கடவுள் விலக்கினாரா? சாக்ரடீஸ் கேட்டதாக 2,400 ஆண்டுகளாகச் சுற்றிவரும் சிக்கல் இது. முதலாவது என்றால், அவர் மாற்றிச் சொன்னால் கொலையும் சரியாகிவிடும். இரண்டாவது என்றால், தப்பு என்பது அவருக்கு முன்பே இருக்கிறது. சமணத்தையும் காட்டலாம்: உலகைப் படைத்த கடவுள் அங்கே கிடையாது, ஆனால் எறும்பை மிதிக்கவும் அஞ்சுவார்கள். ஒரு இடத்தில் மட்டும் நழுவாதீர்கள். மறுபடி பார்ப்போம் என்ற ஆறுதலும், ஏமாற்றியவனுக்கு மேலே கணக்குத் தீரும் என்ற நிம்மதியும் நம்மிடம் இல்லை. கேட்டால் இல்லை என்றே சொல்லுங்கள்.

இறந்தவர் பூசை வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தால் மண்டபத்தில் பூசை கூடாது. வீட்டில் அத்தை விளக்கேற்றினால் யாரும் போய் அணைக்க வேண்டாம்.

கடைசியில் டீயும் வர்க்கியும். மேடையில் வராத சங்கதி டீ குடிக்கும்போதுதான் வரும்; பக்கத்து மேசையில் கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்றை வைத்து எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, பக்கத்தில் ஒரு பிள்ளை எழுதட்டும். பேனாவை நூலால் மேசைக் காலில் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது ஆளோடு போய்விடும்.