நீரிழிவு விழித்திரை நோய்க்குத் தாவரச் சேர்மங்கள்: வாங்குவதற்கு முன் ஆராயும் முறை

நீரிழிவு உள்ளவர்கள் கண்ணுக்கென்று எந்தத் தாவரச் சேர்மத்தையும் வாங்குவதற்கு முன், கண்ணில் சொட்டு மருந்திட்டுப் பாவையை விரியச்செய்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீரிழிவால் வரும் விழித்திரை நோய் தொடக்கத்தில் பார்வையைக் குறைக்காமலேயே வளரும் என்பதால், நன்றாகத் தெரிகிறது என்பதை மட்டும் நம்பி முடிவெடுப்பது ஆபத்தானது.

அடுத்து, அந்தச் சேர்மம் நோயின் எந்தக் கட்டத்தில் செயல்படுவதாகச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். மிகுந்த சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பலவீனமடைந்து கசிகின்றன, சில அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத திசு விஇஜிஎஃப் என்னும் புரதத்தைச் சுரந்து, எளிதில் உடையும் புதிய குழாய்களை முளைக்கச் செய்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின், திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெராட்ரால், வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின் ஆகியவை ஆக்சிஜனேற்றச் சேதத்தையும் அழற்சியையும் குறைப்பது ஆய்வுக்கூட உயிரணுக்களிலும் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளிலும் காணப்பட்டுள்ளது. இவை நம்பிக்கை தரும் முடிவுகள்தாம். ஆயினும் எலியின் கண்ணில் கண்டதை மனிதர்களுக்கான மருத்துவமாகக் கொள்ள இயலாது.

விழுங்கும் பொருள் விழித்திரையைச் சென்றடைகிறதா என்பதே என் பார்வையில் மிக முக்கியமான கேள்வி. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். அதுவும் குடலில் குறைவாகவே உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் விரைவாக மாற்றப்பட்டு வெளியேறிவிடுகிறது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தபோது இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்ததாக 1998இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. ஆனால் பைப்பரின் வேறு சில மருந்துகள் உடலில் சிதைவதையும் தடுக்கிறது. தவிர, இரத்தத்தில் உள்ள எல்லாமே விழித்திரைக்குள் நுழைவதில்லை.

எந்த நோயில் சோதித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். லூட்டீன், சியாசாந்தின் என்னும் தாவர நிறமிகள் முறையே 10, 2 மில்லிகிராம் என்னும் அளவில் 2013இல் வெளியான பெரிய ஆய்வில் முதுமை சார்ந்த மாக்குலா (விழித்திரையின் மையப் பகுதி) சிதைவுக்காகச் சோதிக்கப்பட்டன. அதை நீரிழிவுக் கண்நோய்க்கான சான்றாகக் காட்டுவது தவறு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றை எடுக்க விரும்பினால், அதன் பெயரையும் அளவையும் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதால், இன்சுலினோடு சேரும்போது தாழ்சர்க்கரை நேரலாம். ஜிங்கோ மர இலையின் சாறு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டலாம். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதுண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்கி, பலனை விழித்திரைப் படங்களைக் கொண்டே மதிப்பிடுங்கள்.

ஏற்கெனவே நடக்கும் மருத்துவத்தை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது. முதல் வகை நீரிழிவில் தீவிரச் சர்க்கரைக் கட்டுப்பாடு, விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பை 76 விழுக்காடு குறைத்ததாக 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்தத் தாவரச் சேர்மத்துக்கும் இத்தகைய சான்று இல்லை. மாக்குலா வீக்கத்துக்கோ புதிய குழாய்களுக்கோ ஊசியும் லேசரும் பரிந்துரைக்கப்பட்டால், மாத்திரையை முயன்று பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, பார்வையில் திரை விழுந்தது போல் மறைத்தாலோ, அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.